மேடையில் டயல் போனை அடிக்க வைப்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளி நாடகத்துக்குப் பழைய கறுப்பு டயல் போன் மேடையில் மணியடிக்க வேண்டும் என்றார்கள். செல்போன் ரிங்டோனை ஸ்பீக்கரில் போட்டு ஒப்பேற்றலாம்தான். ஆனால் அந்த இரட்டை மணியின் கணீர் ஓசை அதில் வராது.

போனின் இரண்டு கம்பிகளில் வெறும் பேட்டரியைக் கொடுத்துப் பார்த்தால் மணி அடிக்காது. காரணம், மணிக்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர். எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனில் எப்போதும் சுமார் 48 வோல்ட் டி.சி. (ஒரே திசை மின்சாரம்) நிற்கும், அதை இது தடுத்துவிடும். அழைப்பு வந்தால் அதே கம்பிகளில் சுமார் 75 வோல்ட் ஏ.சி. (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்), நொடிக்கு 25 சுற்று வேகத்தில் வரும். கெப்பாசிட்டர் அதை உள்ளே விடும். மணியின் நாக்கை ஒரு நிலைக்காந்தமும் இரண்டு சுருள்களும் சேர்ந்து ஆட்டுகின்றன. மின்சாரம் திசை மாறும்போதெல்லாம் நாக்கு அடுத்த கிண்ணத்துக்குத் தாவும். நொடிக்கு 50 முறை அடிக்கும்! வீட்டு மின்சாரத்தின் 50 சுற்று வேகத்துக்கு அந்த நாக்கால் சரியாக ஈடுகொடுக்க முடியாது.

சரி, 25 சுற்றுக்கு என்ன வழி? மின்துடிப்புகளை உருவாக்கும் சிடி4047 என்ற ஐ.சி.யில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 91 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டால் கிட்டத்தட்ட அதே வேகம் வரும். அதன் எதிரெதிர் வெளியீடுகள் இரண்டும், தலா ஒரு ரெசிஸ்டர் வழியாக, இரண்டு டிஐபி122 டிரான்சிஸ்டர்களை மாற்றி மாற்றி இயக்கும். அவை, 230 வோல்ட்டை நடுக்கம்பியின் இருபுறமும் 12 வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாக ஓட்டும். நடுக்கம்பிக்கு பேட்டரியின் பிளஸ். 230 வோல்ட் பக்கத்திலிருந்து போனுக்கு.

பேட்டரி 6 வோல்ட்தான் இருக்க வேண்டும். இந்த டிரான்ஸ்ஃபார்மர் 50 சுற்றுக்குச் செய்தது. வேகம் பாதியானால் அதன் இரும்பு தாங்கும் வோல்ட்டும் பாதிதான். 12 கொடுத்தால் காந்தப்புலம் நிரம்பிப்போய் மின்சாரம் வெப்பமாக வீணாகும். ஆறே வோல்ட் கொடுத்தாலும் மறுபக்கம் நூறையொட்டி வரும். மணிக்கு அது தாராளம்.

போனுக்குப் போகும் அந்தக் கம்பிகளை விரலால் தொட்டால் நன்றாக ஷாக் அடிக்கும், டேப் சுற்றிவிடுங்கள். உயிருள்ள டெலிபோன் லைனிலோ வீட்டு பிளக்கிலோ இதை ஒருபோதும் இணைக்கக் கூடாது.

பேட்டரிக் கம்பியில் ஒரு அழுத்துசுவிட்ச் போதும். நம் ஊர் மணி 0.4 நொடி அடித்து, 0.2 நொடி நின்று, மறுபடி 0.4 நொடி அடிக்கும். அப்புறம் 2 நொடி மௌனம். இந்தத் தாளம் கைக்கு எளிதில் பழகிவிடும். ரிசீவரை எடுத்ததும் லைனில் டி.சி. ஓடுவதை உணர்ந்து எக்ஸ்சேஞ்ச் தானாக மணியை நிறுத்தும். நாம் செய்த கருவிக்கு அது தெரியாது. அதனால் நடிகர் கை ரிசீவருக்குப் போவதற்குள் திரைக்குப் பின்னால் இருப்பவர் சுவிட்சை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அந்த ஏ.சி.யின் உறுமல் முழுக்க நடிகரின் காதுக்குள் இறங்கும்.