காண்ட்ராக்ட் ஆளுக்கும் இ.எஸ்.ஐ. உண்டு

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களிடம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதா என்று கேட்டால், "நான் காண்ட்ராக்ட் ஆள்தானே" என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி நினைத்துக்கொண்டிருப்பது யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

1991-இல் சந்தை திறந்துவிடப்பட்ட பிறகு, ஆர்டர் வந்தால் ஆளெடுப்பதும் குறைந்தால் நிறுத்துவதும் பழக்கமாகிவிட்டது. ஒரே மெஷினில் நிற்கும் இருவரில், உடம்புக்கு முடியாமல் போனால் நிரந்தர ஆள் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகிறார்; காண்ட்ராக்ட் ஆள் வட்டிக்கு வாங்கப் போகிறார்.

சட்டத்தில் இந்தப் பாகுபாடு கிடையாது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. காண்ட்ராக்டர் சந்தா கட்டாவிட்டால் கம்பெனி கட்ட வேண்டும். அவர்கள் கணக்கை அவர்கள் பிறகு தீர்த்துக்கொள்வார்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் வாங்குகிறவருக்குப் பிடித்தம் 113 ரூபாய்தான். சில இடங்களில் முதலாளி பங்கையும் சேர்த்து ஆள் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். அது சட்டவிரோதம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், இது வேறு எதற்கு என்று கேட்கலாம். அந்த அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். இ.எஸ்.ஐ.யில் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருந்தகத்தில் குடும்பத்தோடு காட்டிக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், படுத்த நாளுக்கும் காசு உண்டு: டாக்டர் சான்று இருந்தால் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை இந்தத் தொகைக்கு உரிமை உண்டு. வேலையில் அடிபட்டால் 78 நாள் கணக்கே இல்லை. 90 சதவீதம் கிடைக்கும்.

காண்ட்ராக்டர் மாறும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பத்து இலக்கக் காப்பீட்டு எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். புது இடத்தில் பழைய எண்ணைச் சொல்லாமல் இன்னோர் எண் போட்டுவிட்டால், கட்டிய நாள்கள் இரண்டு எண்ணிலும் சிதறி 78 எட்டாமல் போய்விடும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் உங்கள் எண்ணில் சந்தா ஏறவில்லையா? சீட்டின் நகலோடு மதுரையிலுள்ள இ.எஸ்.ஐ. துணை மண்டல அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுங்கள்.