மூன்று உலக்கை, ஓர் உரல்: வளைய மூலக்கூறு அதிரும் கணக்கு

பென்சீனில் 12 அணுக்கள், 30 அதிர்வுகள். கணினி நிரல் தருகிற பட்டியலை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடலாமா, கையால் சரிபார்க்க வழி உண்டா என்று மதுரையிலிருந்து எம்.எஸ்சி. வேதியியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். வழி உண்டு. ஆனால் பென்சீனில் தொடங்கினால் கை வலிக்கும். மூன்றே அணு உள்ள வளையத்தில் தொடங்குவோம்.

ட்ரைஹைட்ரஜன் அயனி அப்படிப்பட்டது. சமபக்க முக்கோணத்தின் மூலைகளில் மூன்று புரோட்டான்கள்; அவற்றைக் கட்டிவைக்க இரண்டே எலக்ட்ரான்கள். வியாழனின் துருவ ஒளியில் இதன் அகச்சிவப்புக் கோடுகளைப் பார்க்கலாம். அசையக்கூடிய திசைகள் அணுவுக்கு 3 வீதம் 9. நகர்வுக்கு 3, சுழற்சிக்கு 3 கழித்தால் அதிர்வு 3. பிணைப்பும் 3 என்பதால் பிணைப்பு நீளங்களே போதும், கோணங்களைத் தொட வேண்டாம்.

அமெரிக்க வேதியியலர் பிரைட் வில்சன் 1939-இல் தந்த முறைக்கு இரண்டு அணிகள் (எண் கட்டங்கள்) தேவை. எஃப் அணி விறைப்பைச் சொல்லும், ஜி அணி நிறையைச் சொல்லும். ஜி அணியின் மூலைவிட்டத்தில் பிணைப்பின் இரு முனை அணுக்களுக்கும் 1/நிறை போட்டுக் கூட்ட வேண்டும்: இங்கே 2/நிறை. மற்ற இடங்களில், இரண்டு பிணைப்புகளுக்கும் பொதுவான அணுவின் 1/நிறையை இடைக்கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். 60 பாகைக்குக் கொசைன் அரை. மூலையில் இருக்கும் அணு அசைந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துதானே மாறும்? அந்தப் பிணைவு முழுவதும் இந்த அரையில் அடங்கிவிடுகிறது.

இனி அணிக்கோவையை விரித்து முப்படிச் சமன்பாடு தீர்க்க வேண்டியதில்லை. மூன்று பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் விடையின் வடிவம் முன்கூட்டியே தெரியும். ஒன்று, மூன்றும் ஒருசேர நீள்வது: ஜி மதிப்பு 2 + ½ + ½ = 3. மற்றது, ஒன்று நீள மற்ற இரண்டும் பாதிப் பாதி சுருங்குவது: 2 − ½ = 1½. இந்த இரண்டாம் வகையில் ஒரே அலைஎண்ணில் (அதிர்வின் வேகத்தை செ.மீ⁻¹-இல் சொல்லும் எண்) இரண்டு அதிர்வுகள் உண்டு.

அந்த இரட்டையர்தான் எனக்குப் பிடித்தவர்கள். இருவரையும் கால் சுற்று இடைவெளி விட்டுச் சேர்த்து ஓடவிட்டால் என்ன ஆகும்? மேலூர்ப் பக்கம் ஓர் உரலில் மூன்று பெண்கள் உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி ஓங்கும்போது ஒருத்தி இறக்குவாள். முறை சுற்றிக்கொண்டே போகும், ஆளோ நின்ற இடத்திலேயே இருப்பாள். அயனியிலும் நீட்சி ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு மூன்றில் ஒரு சுற்று தாமதமாகத் தாவுகிறது. ஒவ்வொரு புரோட்டானும் தன் மூலையிலேயே சின்ன வட்டம் போடுகிறது. முக்கோணம் மொத்தமாகத் திரும்பவில்லை, ஆனாலும் கோண உந்தம் இருக்கிறது! மூவரும் சேர்ந்து ஒரே நேரத்தில் குத்துவது உரலில் நடக்காது. மூலக்கூறில் அதுவே முதல் வகை.

இப்போது எண்கள். பக்கங்கள் தனித்தனி ஸ்பிரிங் என்றால் இரு அலைஎண்களின் விகிதம் 2-இன் வர்க்கமூலம், அதாவது 1.414. ஆய்வு தரும் மதிப்புகள் 3178, 2521 செ.மீ⁻¹, விகிதம் 1.26. பிழை எஃப் அணியில்தான். இரண்டு எலக்ட்ரானை மூன்று பிணைப்பு பங்குபோடும்போது அவை தனி ஸ்பிரிங் ஆக முடியாது. ஒரு பக்கம் நீள்வது அடுத்த பக்கத்தை எவ்வளவு தொடுகிறது என்று சொல்லும் ஒரு குறுக்கு மாறிலி சேர்த்தால், முதல் வகைக்கு விறைப்பு + இரு மடங்கு குறுக்கு, இரண்டாவதுக்கு விறைப்பு − குறுக்கு. தீர்த்தால் விறைப்பு 2.34, குறுக்கு −0.17 மில்லிடைன்/ஆங்ஸ்ட்ராம். குறை எண் என்றால், சேர்ந்து நீள்வதற்குச் செலவு குறைவு என்று பொருள்.

செய்து பார்ப்பவர்களுக்கு: ஜி மதிப்பைப் புரோட்டான் நிறை 1.00728-ஆல் வகுத்து, அந்தந்த வகையின் விறைப்பால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1302.8-ஆல் பெருக்கினால் செ.மீ⁻¹ வரும். மில்லிடைனுக்குப் பதில் நியூட்டன்/மீட்டரில் போட்டால் விடை சரியாகப் பத்து மடங்கு ஊதிவிடும். 'பாசிட்டிவ் வைப்ரேஷன்' என்று செம்புத் தகடு விற்பவரிடமும் எத்தனை செ.மீ⁻¹ என்று கேட்டுப் பாருங்கள்.

கணக்கின் எல்லை, ஹைட்ரஜனின் கனமான வடிவமான ட்யூட்டீரியத்தில் தெரியும். நிறை இரட்டிப்பதால் 2521 என்பது 1783 ஆக வேண்டும், அளந்தால் 1835. ஸ்பிரிங் சமமாக இழுபடுவதில்லை. நீளும் பக்கம் தளர்கிறது. லேசான புரோட்டான் அதிக தூரம் வீசி ஆடுவதால் அதற்கு அந்தத் தளர்ச்சி கூடுதல்.

பென்சீனுக்கு வந்தால் கொசைன் −½ ஆகிவிடும், 120 பாகை. கார்பன் வளையத்துக்கு மட்டும் 6 நீளம், 6 கோணம் எழுதினால் தளத்துக்குள் 12 ஆயம் (அசைவைக் குறிக்கும் அளவு). உண்மையில் வேண்டியது 6 அணுவுக்கு 2 திசை வீதம் 12-இல் நகர்வும் சுழற்சியும் 3 போக 9. ஜி மதிப்புகளில் மூன்று பூச்சியமாக வந்து நிற்கும், தலைகீழ் அணி எடுக்கப் போனால் நிரல் படுத்துவிடும். அந்த மூன்றையும் முதலில் களையுங்கள். வளையம் முழுதாக விரிந்து சுருங்கும் அதிர்வு 992 செ.மீ⁻¹, இருமுனைத் திருப்புத்திறன் (மின்சுமை ஒரு பக்கம் சாயும் அளவு) மாறாததால் அகச்சிவப்பில் வராது, சிதறிய ஒளியைப் பார்க்கும் ராமன் நிறமாலையில் பளிச்சென்று நிற்கும். 1928-இல் ராமனோடு இந்தச் சிதறலைக் கண்டவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே.எஸ். கிருஷ்ணன்.

நிரலின் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது அந்த 992 அல்ல, நகர்வுக்கும் சுழற்சிக்கும் உரிய ஆறு எண்கள். அவை பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். 40, 50 என்று காட்டினால் மூலக்கூறின் வடிவமைப்பு இன்னும் ஆற்றலின் அடிமட்டத்துக்கு இறங்கவில்லை. மீதி 30-ஐப் படிக்காமல் மறுபடி ஓட்டுங்கள்.