வெர்போஸ் மோட்: விரிதகவல் நிலை

கணினியை இயக்கியதும் எந்த வட்டு கிடைத்தது, எந்த டிரைவர் ஏறியது, எந்தச் சேவை கிளம்பியது என்று திரையில் வரிவரியாக ஓடவிடுவதே வெர்போஸ் மோட். வெறும் சின்னமும் சுழலும் வட்டமும் தெரிவது இதற்கு எதிர்நிலை. லினக்ஸில் இந்த எதிர்நிலையைத் தருபவை 'குயட்', 'ஸ்பிளாஷ்' என்ற இரண்டு தொடக்கத் தெரிவுகள்: குயட் வரிகளைக் குறைக்கும், ஸ்பிளாஷ் சின்னத்தைக் காட்டும்.

லத்தீனில் 'வெர்பம்' என்றால் சொல், 'வெர்போசஸ்' என்றால் சொல் மிகுந்தது. பொது ஆங்கிலத்தில் இது வளவளப்பைப் பழிக்கும் சொல். யூனிக்ஸ் கட்டளைகளில் 'வி' என்ற ஓரெழுத்துத் தெரிவாக வந்தபோது அந்தப் பழிப்பு இல்லை. தமிழில் 'சொற்பெருக்கு நிலை' என்று போட்டால் பழிப்பும் கூடவே வந்துவிடும். 'மிகைபடக் கூறல்' நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று. அதே நன்னூல் நூல் யாப்பு (நூல் இயற்றும் முறை) நான்கில் ஒன்றாக 'விரித்தல்' என்பதையும் வைக்கிறது. அதில் குறை எதுவும் இல்லை. ஆகவே 'விரிதகவல் நிலை' என்பதே சரி. எதிர்ச்சொல்லாக 'அமைதி நிலை' வேண்டாம், 'சுருக்க நிலை' போதும். ஏனென்றால் குயட் முழுக்க வாயடைப்பதில்லை. கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) தரும் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். வரம்பை விடக் குறைந்த எண்ணுள்ள செய்திகளே திரைக்கு வரும். வழக்கமான வரம்பு 7. குயட் அதை 4 ஆக்கும். 0 முதல் 3 வரையுள்ள பிழைச் செய்திகள் அப்போதும் திரைக்கு வரும்.

எவ்வளவு காட்டலாம்? வீட்டுக் கணினிக்குச் சுருக்க நிலை நல்லது. சர்வருக்கும் புதிதாக வட்டு சேர்த்த கணினிக்கும் விரிதகவலே வேண்டும். தொடங்கும்போது இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வட்டின் யூயூஐடி (அடையாள எண்) தவறினால், சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, பிறகு பழுதுபார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் நிற்கும். சின்னத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது கணினி உறைந்ததாகவே படும். எஸ்கேப் விசையை அழுத்தினால் எந்த வட்டுக்காகக் காத்திருக்கிறது என்ற வரி தெரியும். கட்டாயமில்லாத வட்டுக்கு எஃப்எஸ்டேப் கோப்பில் 'நோஃபெயில்' சேர்த்துவிடுங்கள்; அது இல்லாவிட்டாலும் தொடக்கம் நிற்காது.

ஒருமுறை மட்டும் பார்க்க: லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப் மெனுவில் 'e' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'குயட் ஸ்பிளாஷ்' இரண்டையும் அழித்து, கன்ட்ரோல்+எக்ஸ் அழுத்துங்கள். அடுத்த முறை பழையபடியே வரும். இன்டெல் மேக்கில் தொடங்கும்போது கமாண்ட்+வி.

சீரியல் கன்சோல் (திரைக்குப் பதில் தொடர் கம்பி வழியே செய்திகளை அனுப்பும் இணைப்பு) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். 9600 பாட் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 960 எழுத்துகளே போகும். 80 எழுத்து கொண்ட ஆயிரம் வரிகளுக்கு ஏறக்குறைய 83 விநாடி. தொடக்கமும் அவ்வளவு தாமதமாகும். வேகத்தை 115200 ஆக்குங்கள், அல்லது கெர்னல் செய்தி வரம்பைக் குறையுங்கள்.

திரையில் மறைத்தாலும் பதிவேட்டில் எதுவும் குறையாது. 'ஜர்னல்சிடிஎல் -பி' (journalctl -b) என்ற கட்டளை இந்தத் தொடக்கத்தின் பதிவு எல்லாவற்றையும் காட்டும். இயங்குதளம் இருக்கும் மூல வட்டே ஏறாமல் நின்றால் மட்டும் வட்டில் பதிவு இருக்காது. அப்போது விரிதகவலை இயக்கி, ஓடும் வரிகளைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.