ஓன் போர்டு காரை டி போர்டு ஆக்கும் முன்

சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டு காரை வாடகைக்கு ஓடும் டி போர்டு வண்டியாக மாற்றுவதைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "மாற்றாமலே நாலு டிரிப் அடித்தால் என்ன?" என்பதைத்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவுப்படி, வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 192-ஏ பிரிவு பாயும். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறைக்கும் அதில் இடம் இருக்கிறது. 207-வது பிரிவில் வண்டியையே பிடித்து நிறுத்திவைக்கலாம். கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்தை வழியில் இறக்கிவிட்டு, காரை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வளாகத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புகிற அனுபவம் யாருக்கும் வேண்டாம்.

அபராதத்தைக்கூட கட்டிவிடலாம். விபத்து நடந்தால்தான் நிஜமான சிக்கல். பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டியிருந்தால், அதையே காரணமாகக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பிலிருந்து விலக சட்டத்தில் வழி இருக்கிறது. பெர்மிட் இல்லாமல் ஓடிய லாரி மோதி ஒருவர் இறந்த வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், கம்பெனி முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு அதை வண்டி ஓனரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. ஒரு உயிருக்கான நஷ்டஈடு பல லட்சம் வரும். டிரிப்புக்கு இரண்டாயிரம் சம்பாதிக்கப் போய் வீட்டை விற்க வேண்டி வரலாம்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டால் முதல் வேலை ஆர்.சி. புக்கை எடுத்து சீட் எண்ணிக்கையைப் பார்ப்பது. டிரைவரைத் தவிர ஆறு பேர் வரை உட்காரும் வண்டி சட்டத்தில் மோட்டார் கேப். ஏழிலிருந்து பன்னிரண்டு பேர் வரை என்றால் மேக்ஸி கேப். இரண்டும் வேறு வேறு வகை. பெர்மிட்டும் வரியும் இதைப் பொறுத்தே அமையும். என் சித்தப்பா பையன் பழைய இன்னோவா ஒன்றை வாங்கி மாற்றப் போனான். ஏழு சீட் என்று நினைத்திருந்தான். ஆய்வாளர் நடு வரிசைக் கதவைத் திறந்து, அங்கே தனித்தனி நாற்காலி இல்லாமல் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு சீட் இருப்பதைக் காட்டி, "ஆர்.சி.யில் எட்டு போட்டிருக்கே, பார்க்கலையா?" என்றார். ஒரே ஒரு சீட் கூடினதில் வண்டி மேக்ஸி கேப் ஆகிவிட்டது. அவன் போட்ட கணக்கெல்லாம் மோட்டார் கேப்புக்கானது. எர்டிகா மாதிரி ஆறும் ஒன்றுமாக ஏழு சீட் உள்ள வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வண்டிமேல் லோன் இருப்பதைக் காட்டும் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். லோன் பாக்கி இருந்தால், வண்டியின் வகையை மாற்ற ஆட்சேபணை இல்லை என்று பைனான்ஸ் கொடுத்தவர்கள் எழுதித் தர வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று கொடுத்த கடன் என்பதால் சில இடங்களில் தயங்குவார்கள். வட்டியை மாற்றுகிறேன் என்பவர்களும் உண்டு. என்.ஓ.சி. என்கிற இந்தக் கடிதம் கையில் வராமல் வேறு எதற்கும் பணம் கட்டாதீர்கள். புரோக்கருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு என்.ஓ.சி. கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் பரிவாகன் இணையதளத்தில் தொடங்கும். வண்டியின் நம்பரைக் கொடுத்து, வகை மாற்றத்துக்கான சேவையைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் கட்டி, நாள் வாங்கி, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, இருந்தால் என்.ஓ.சி. ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரியில் மட்டும் ஒரு எச்சரிக்கை: வாங்கும்போதே ஆயுள் வரி கட்டியாயிற்றே, இனி வரி எதற்கு என்று நினைக்க வேண்டாம். வாடகை வண்டிக்கு வரி அட்டவணை வேறு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு, முன்பு கட்டியது எப்படிக் கணக்கில் வருகிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு, எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று. கிராமங்களில் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர்தான் வண்டியைப் பார்ப்பார். அன்றைக்குக் காலையிலேயே வாட்டர் வாஷ் செய்து, சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் படிந்த மண்ணையும் கிரீஸையும் துடைத்துவிடுங்கள். அந்த நம்பர்மேல் ஒரு தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். ஒரு எண் தெளிவாக விழாவிட்டாலும் இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். பிரேக், ஹேண்ட் பிரேக், ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், டயர் பட்டன், சீட் பெல்ட், ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டியிருந்தால் வீட்டிலேயே உரித்துவிட்டுப் போங்கள்.

ஓன் போர்டில் இல்லாத இரண்டு சாமான்கள் இங்கே சேரும். ஒன்று, 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. டாக்சிக்கென்றே கம்பெனியில் தயாராகும் மாடல்களில் இது உள்ளேயே வரும். சொந்தக் காரில் தனியாகப் பொருத்த வேண்டும். அங்கீகாரம் பெற்ற கருவியா என்று பார்த்து, பொருத்தியதற்கான சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். மற்றொன்று, வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியும் பயணி அழுத்துகிற அவசர பட்டனும். மத்திய மோட்டார் வாகன விதி 125-எச் இதை 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பயணிகள் வாடகை வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்கு உண்டு.

இதெல்லாம் முடிந்து ஆர்.சி.யில் வகை மாறினதும் நம்பர் பிளேட் மஞ்சளாகும். மஞ்சளில் கறுப்பு எழுத்து. எலெக்ட்ரிக் வண்டி என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. சொந்த எலெக்ட்ரிக் காருக்குத்தான் பச்சையில் வெள்ளை. ஸ்டிக்கர் கடையில் மஞ்சள் பெயின்ட் அடித்து வாங்குவதெல்லாம் செல்லாது, உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.

பெர்மிட் ஐந்து வருடத்துக்குச் செல்லும். புதுப்பிக்க, முடிகிற தேதிக்குக் குறைந்தது 15 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஓட்டுகிற பெர்மிட்டை வைத்துக்கொண்டு திருப்பதிக்கோ சபரிமலைக்கோ போக முடியாது. ஒவ்வொரு முறையும் அந்த மாநிலத்துக்கான தற்காலிக பெர்மிட்டும் வரியும் கட்ட வேண்டும். மாதத்தில் நாலு தடவை எல்லை தாண்டுகிறவர்கள் அகில இந்திய சுற்றுலா பெர்மிட் எடுப்பதே மேல். 2023-இல் வந்த புது விதிகளின்படி அதையும் ஆன்லைனிலேயே வாங்கலாம். ஆனால் உள்ளூரில் ஸ்கூல் டிரிப்பும் ஆஸ்பத்திரி டிரிப்பும் மட்டும் அடிப்பவர் அதற்குப் பணம் கொட்டுவது வீண். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி: பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிகளுக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு பெர்மிட்டிலிருந்தே விலக்கு கொடுத்துவிட்டது. எஃப்.சி.யும் இன்ஷூரன்ஸும் மட்டும் அவர்களுக்கும் வேண்டும்.

பேட்ஜ் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. முன்பு டி போர்டு ஓட்ட லைசென்ஸில் பேட்ஜ், அதாவது வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதி இருந்தாக வேண்டும். 7,500 கிலோவுக்குள் இருக்கும் வாடகை வண்டியை இலகுரக வாகனத்துக்கான சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் திரும்பப் பரிசீலிக்கச் சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் போராடின. 2024 நவம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. ஆகவே காருக்கு பேட்ஜ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

இன்ஷூரன்ஸில்தான் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 3,416 ரூபாய். அதே சி.சி. டாக்சிக்கு அடிப்படைத் தொகையோடு பயணி ஒவ்வொருவருக்கும் தனித்தொகை சேர்வதால், நாலு பயணி வண்டிக்கு ஏறக்குறைய 12 ஆயிரம் ஆகிவிடும். சொந்த டேமேஜுக்கான பிரீமியம் தனி. பழைய பாலிசி முடியட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஆர்.சி. டாக்சி என்கிறது, பாலிசி சொந்தக் கார் என்கிறது என்றால் கிளெய்ம் அன்றே போயிற்று.

எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் அதிகம் பேர் சறுக்குவது தேதிகளில்தான். சொந்தக் காரை ஒரு தடவை பதிவு செய்தால் 15 வருடம் கவலையில்லை. வாடகை வண்டி அப்படியில்லை. எட்டு வருடம் வரை பழைய வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்கு மேல் வருடா வருடம். 56-வது பிரிவில் ஒரு வரி இருக்கிறது: செல்லுபடியாகும் தகுதிச் சான்று இல்லாத வாடகை வண்டி, முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. எஃப்.சி. ஒரு நாள் தவறினாலும் ஆர்.சி.யின் பலம் போய்விடுகிறது, அதன் பின்னால் இன்ஷூரன்ஸும் ஆட்டம் காணும். எஃப்.சி., பெர்மிட், வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஐந்துக்கும் ஐந்து தேதி. எனக்குத் தெரிந்த ஒரு டிரைவர் அண்ணன் ஐந்தையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி சன் வைசருக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்.

ஆறேழு வருடம் ஓடின காரை வைத்திருப்பவருக்கு என் யோசனை, மாற்றாதீர்கள் என்பதுதான். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், பதிவாகி எட்டு வருடம் தாண்டிய வண்டியை ஆப் வழியே டாக்சி விடும் கம்பெனிகள் சேர்க்கக்கூடாது என்று இருக்கிறது. மாற்றின செலவை எடுப்பதற்குள் ஆப் வேலை கையை விட்டுப் போகலாம். டிரைவர் இல்லாமல் காரை மட்டும் வாடகைக்கு விட்டால் இந்தத் தலைவலி இல்லையே என்று நினைக்கிறீர்களா? அதற்கும் லைசென்ஸ் உண்டு. 1989-ஆம் வருடத் திட்டப்படி குறைந்தது 50 வண்டி வைத்திருக்க வேண்டும், கறுப்பில் மஞ்சள் எழுத்து பிளேட் மாட்ட வேண்டும்.

நாளைக்குத் தொழில் சரியில்லை, திரும்ப ஓன் போர்டு ஆக்கலாம் என்றால் முடியும். பெர்மிட்டை ஒப்படைத்து, வரி பாக்கியைத் தீர்த்து, சொந்தக் காருக்கான வரியைக் கட்டி, மறுபடி ஆய்வுக்கு நிறுத்த வேண்டும். பெர்மிட் ஒப்படைத்த ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அடுத்து வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.