ஷெட்டில் நிற்கும் மிலிட்டரி வண்டி: வேலையை எங்கிருந்து தொடங்குவது?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளில் கார் ஷெட் தனியாக இருக்கும். அந்தக் காலத்தில் ஆஸ்டினும் மோரிஸும் நின்ற இடம். இப்போது சில ஷெட்டுகளில் பழைய ராணுவ ஜீப் வகையான ஜோங்கா நிற்கிறது, வில்லிஸ் ஜீப் நிற்கிறது. தோப்பு வேலைக்கு ஆகும் என்று ஏலத்தில் சக்திமான் லாரியையே எடுத்து வந்து வேப்பமரத்தடியில் விட்டிருப்பவர்களும் உண்டு. சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வந்தால், கையில் ஸ்பேனரோடு நேராக அதன் அடியில் போய்ப் படுக்கிறார்கள். நல்ல ஆசைதான். நானும் அதே ஆசையில் ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஈ.எம்.இ. பிரிவில் இருந்தவன், இப்போது இங்கே பட்டறை வைத்திருக்கிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது பெயிண்ட், வின்ச், எல்.இ.டி. லைட் பற்றி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "சக்கரத்தில் கை வச்சீங்களா?" வைத்தோம் என்றால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். யூனிட்டில் இந்த வண்டிக்கு டிரைவர் உண்டு, மெக்கானிக் உண்டு, சரியான டூல்ஸ் உண்டு, மெயின்டனன்ஸ் பரேடு உண்டு, தலைமேல் நின்று கத்த ஒரு ஹவில்தாரும் உண்டு. வீட்டில் நீங்களும் ஒரு யூடியூப் வீடியோவும்தான். ரோட்டில் ஓட்டும்போது எல்லோருக்கும் பயம் இருக்கிறது. ஷெட்டில் நிற்கும் வண்டியிடம் யாருக்கும் பயமில்லை. நான் பார்த்த மோசமான காயங்களெல்லாம் ஷெட்டில் நடந்தவை.

சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். கார் சக்கரத்தின் ரிம் பிரிக்க முடியாத ஒரே துண்டு. பழைய ராணுவ வண்டிகள் பலவற்றில் ரிம் துண்டு துண்டாக இருக்கும். கனரக லாரிகளில் டயரை உள்ளே தள்ளிவிட்டு, பக்கத்தில் ஒரு வளையம் போட்டு, அதை லாக் ரிங்கால் பூட்டுவார்கள். போர்க்கால வில்லிஸ், டாட்ஜ் வண்டிகளில் ரிம் இரண்டு பாதியாக வந்து போல்ட்டால் இணைந்திருக்கும். நடுக்காட்டில் டயர் மாற்ற இது வசதி. வீட்டில் இதுதான் ஆபத்து.

வில்லிஸின் இந்த இரண்டு பாதி ரிம்மை, அதாவது காம்பாட் ரிம்மை, எதிரில் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும் நட்டுகள் 5. அவற்றைச் சுற்றி வெளிவட்டத்தில் இன்னும் 8. வெளிவட்டத்து நட்டுகள் சக்கரத்தைப் பிடிக்கவில்லை, ரிம்மின் இரண்டு பாதிகளைப் பிடித்திருக்கின்றன. டயரில் காற்று இருக்கும்போது அவற்றைத் தளர்த்தினால், கடைசி இரண்டு மூன்று நட்டு மிச்சமிருக்கும்போதே ரிம் பிய்ந்துகொண்டு வெளியே பறக்கும். முன்னால் குந்தியிருப்பவரின் முகத்துக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது. போதாததற்கு, வில்லிஸில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் தலைகீழ் மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும். "ஏண்ணே வரமாட்டேங்குது" என்று பைப் மாட்டி ஏறி மிதித்து, நட்டு ஏறும் ஸ்டட்டை ஒடித்துவிட்டு, அப்புறம் வெளிவட்டத்துக்குப் போகிறார்கள். ஸ்டட் முனையைத் துடைத்துப் பாருங்கள், 'எல்' என்ற ஆங்கில எழுத்து குத்தியிருக்கும்.

லாரி ரிம்மின் பலம் வேறு மாதிரி. ஒரு சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு காற்று. அது வளையத்தைத் தள்ளும் பரப்பை 300 சதுர அங்குலம் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 24,000 பவுண்டு, அதாவது பத்து டன்னுக்கு மேல். துருப்பிடித்த லாக் ரிங் சரியாக உட்காராமல் விட்டால், அத்தனையும் ஒரு நொடியில் வெளியே வரும். அமெரிக்காவில் இந்த வகை ரிம்முக்கு 1980-லேயே தனி விதி போட்டார்கள்: இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் லாக் ரிங்குக்குக் குறுக்கே கடப்பாரையைச் செருகிவிட்டு, மேலே ஒரு காலையும் வைத்துக்கொண்டு அடிப்பார்கள். பழகியவர் செய்கிறார் என்பதற்காக அது சரியாகிவிடாது.

என் பட்டறையில் முறை இதுதான். சக்கர நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன்பே வால்வு பின்னைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கிவிட்டதா என்று வால்வுக்குள் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். சேறு அடைத்துக்கொண்டு காற்று உள்ளேயே நிற்பதுண்டு. இரட்டைச் சக்கரமென்றால் இரண்டிலும். லாக் ரிங்கையும் அது உட்காரும் பள்ளத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெடிப்போ வளைவோ இருந்தால் ரிங்கைத் தூக்கிப் போட வேண்டும். வெல்டிங் வைக்கக் கூடாது. வேறு ரிம்மின் ரிங்கைப் பொருத்திப் பார்க்கவும் கூடாது. காற்றடிக்கும்போது கூண்டு, கிளிப் மாட்டிய நீள ஓஸ், ஆள் பக்கவாட்டில். மாதக்கணக்கில் காற்றில்லாமல் நின்ற டயருக்கு அப்படியே காற்றேற்றாதீர்கள். பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். கூண்டு இல்லையென்றால் இந்த வேலை உங்களுடையதில்லை, கூண்டு வைத்திருக்கும் பெரிய லாரி டயர் கடைக்கு அனுப்பிவிடுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். வயதான டயர் பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

அடுத்தது ஜாக்கி. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் ஜோங்காவின் பின்சக்கரத்தைக் கழற்ற ஏற்பாடு. நான் போனபோது ஜாக்கி ஏறிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்குக் கட்டை இல்லை. ஷெட்டோ தெருவை நோக்கிச் சரிவு.

"கட்டை எங்க தம்பி?"

"ஹேண்ட் பிரேக் நல்லாப் பிடிக்குதுண்ணே. நானே இழுத்துப் பார்த்துட்டேன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை, பிரேக் பிடித்தது. ஆனால் வில்லிஸ், ஜோங்கா போன்ற வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஒரு டிரம். நாலு சக்கரமும் தரையில் இருக்கும்வரை கெட்டி. பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் போன கணம், இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் தன் குணத்தைக் காட்டும். ஷாஃப்ட் நின்றே இருக்கும். அந்தரத்துச் சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையிலிருக்கும் சக்கரம் எதிர்த் திசையில் உருளும். முன்சக்கரங்கள் டூ வீல் டிரைவில் எப்படியும் சும்மாதான் இருக்கின்றன. பிரேக் இழுத்த வண்டி ஜாக்கியைச் சாய்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

வாயால் சொன்னால் நம்புவது கஷ்டம். வண்டியை இறக்கி, சமதரைக்குக் கொண்டுவந்து, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை அடித்து, பின் ஆக்ஸிலை இரண்டு இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். ஹேண்ட் பிரேக்கை அவரையே இழுக்கச் சொன்னேன். இடப்பக்கச் சக்கரத்தை ஒரு கையால் சுற்றினேன். வலப்பக்கம் நின்றிருந்த அவர், "அண்ணே, இது பின்னால சுத்துது!" என்றார். அதற்கப்புறம் பேச்சில்லை, பழைய உத்தரத் துண்டு ஒன்றை அறுத்து நாலு ஆப்பு செய்துவிட்டார். பர்மாத் தேக்கு. அந்த வண்டிக்கு அவ்வளவு மரியாதை அதிகம்தான், ஆனால் பிடிமானத்தில் குறை சொல்ல முடியாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் மட்டும் வண்டிக்கு அடியில் கொடுக்காதீர்கள். தாங்குவதுபோல் தாங்கி, முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். செம்மண் தரையில் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனத்த இரும்புத் தகடு வேண்டும். மழை பெய்த மறுநாள் அந்த மண்ணை நம்பவே கூடாது.

கால் பிரேக்குக்கு வருவோம். பழைய ஹைட்ராலிக் வண்டிகளில் பிரேக் ஒரே சர்க்கியூட். ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நாலும் போச்சு. பெடல் கெட்டியாக இருக்கிறதே என்பது சமாதானமில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் சிலிண்டருக்குள் துரு குழி விழுந்திருக்கும். வெளியே நன்றாகத் தெரியும் ரப்பர் ஓஸ்கூட உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கும். ஆகவே முதல் செலவு இங்கே: சிலிண்டர், வாஷர், ஓஸ், ஆயில் அத்தனையும் புதிது. டிரம்மைத் திறந்ததும் தூசியைக் காற்றடித்து ஊதும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. ஈரத்துணியால் துடையுங்கள். ஏர் பிரேக் லாரி என்றால் இன்னொரு எச்சரிக்கை: ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் கிளாம்ப்பை வீட்டில் கழற்றவே கூடாது. உள்ளே அடங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு புதுத் தொல்லை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய பம்ப்பின் டயாஃப்ரமும் ரப்பர் ஓஸும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, மிருதுவாகி, சூடான எஞ்சின் மேலேயே சொட்டும். எத்தனால் தாங்கும் ஓஸாக மாற்றி, டேங்க்கை மாதக்கணக்கில் அரைகுறையாக வைக்காமல் ஓட்டித் தீர்த்துவிடுங்கள். டேங்க் ஓட்டையென்று வெல்டிங் கடைக்குத் தூக்கிப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது: தண்ணீர் ஊற்றி அலசினால் ஆவி போய்விடாது. தகட்டு மடிப்பில் தங்கிய கொஞ்சம் பெட்ரோல் போதும் வெடிக்க. புது டேங்க் அடித்துக்கொள்வது மலிவு.

மின்சாரம் சுருக்கமாக. பல ராணுவ வண்டிகளில் 24 வோல்ட், இரண்டு பேட்டரி தொடராக. பாட்டுப் பெட்டிக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் ஒன்று வறண்டு மற்றது கொதிக்கும். கன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர் வீல் கியரைத் தார் ரோட்டில் போட்டு ஓட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வண்டிகளில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். மணலிலும் கண்மாய்ச் சேற்றிலும் டயர் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் வழியில்லாமல் ஷாஃப்ட்டை இணைக்கும் கிராஸும் கியரும் அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும்.

மாற்றங்கள் விஷயத்தில் பட்டறைக்காரன் என்ற முறையில் எனக்கு வருமானம் வருகிற இடம் இது, ஆனாலும் சொல்கிறேன். ஜோங்காவின் 3,956 சி.சி. பெட்ரோல் எஞ்சின் குடிக்கும் குடிக்கு டீசல் எஞ்சின் வைக்கத் தோன்றுவது நியாயம். எடை, கியர் விகிதம், எஞ்சின் மவுண்ட் எல்லாம் மாறும் என்பது ஒரு பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு மறுபக்கம்: தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது, எஞ்சின் மாற்ற முன் அனுமதி வேண்டும். 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பின், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

ஏலத்தில் எடுத்தவர்கள் விற்பனைச் சான்றை, அதாவது படிவம் 21-ஐ, அசலாகக் கையில் வாங்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள். பழைய ராணுவ வண்டியைப் பதிய ஆர்.டி.ஓ. கேட்பது அதைத்தான். இரண்டாம் மூன்றாம் கை மாறி வந்த வண்டியில், சேஸிஸ் எண்ணைத் துரு சுரண்டி, காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அப்புறம் அந்தப் பச்சை. மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் கிரீன் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். "அந்தக் கலர் போனால் மிலிட்டரி வண்டி மாதிரியே இருக்காதேண்ணே" என்று எல்லோரும் முகம் வாடுவார்கள். மண் நிறம், சாம்பல், கருநீலம் என்று எது வேண்டுமானாலும் அடித்துத் தருகிறேன். பச்சை டப்பாவோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.