மூன்று வாரம் என்றார்கள், 26 ஆண்டுகள் ஆனது

1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. ஒரு வாரம் கழித்து அந்தக் கதிரியக்க மேகம் இங்கிலாந்தின் வடமேற்கில் கம்பிரியா மலைகளைக் கடந்தபோது நல்ல மழை. மழையோடு சீசியம் என்ற கதிரியக்கப் பொருளும் இறங்கியது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவந்த அரசு, ஜூன் 20ஆம் தேதி அந்த மலைகளின் செம்மறி ஆடுகளை வெளியே கொண்டுபோகவும் வெட்டவும் திடீரென்று தடை போட்டது. மூன்று வாரம் பொறுங்கள், சரியாகிவிடும் என்றார்கள்.

இந்த மூன்று வாரம் வாய்க்கு வந்த கணக்கல்ல. ஆட்டின் உடம்புக்குள் போன சீசியம் சில வாரங்களில் பெருமளவு வெளியேறிவிடும். மண்ணில் விழுந்ததைக் களிமண்ணின் நுண்ணிய அடுக்குகள் இறுகப் பிடித்துக்கொள்ளும், புல்லுக்கு ஏறவிடாது. சமவெளியில் நடப்பது இதுதான். கம்பிரியாவின் மேட்டு நிலமோ மட்கு நிறைந்த புளிப்பு மண். களியும் குறைவு, சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) குறைவு. சாம்பல் சத்துக்கு ஏங்கும் புல், அதே குணமுள்ள சீசியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. புல்லை ஆடு தின்கிறது, ஆட்டுப் புழுக்கை வழியாகச் சீசியம் மறுபடி மண்ணுக்கு வருகிறது. இப்படியே சுற்றிக்கொண்டிருந்ததால் கடைசிக் கட்டுப்பாடு நீங்க 2012 ஜூன் வரை ஆனது.

கணிப்பு தவறுவது அறிவியலில் சகஜம். ஆனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்ற தொனியில் அதைச் சொன்னார்களே, அதுதான் வினையானது. ஆட்டின் பின்புறத்தில் கருவியை வைத்துக் கதிரியக்கத்தை அளக்கும்போது பக்கத்தில் நின்ற விவசாயிகள், அளவு ஒவ்வொரு முறையும் கூடிக் குறைவதைக் கண்ணால் பார்த்தார்கள். அறிவிப்புகளில் அந்தத் தடுமாற்றத்தின் சாயலே இல்லை.

அந்த மலைகளுக்குக் கீழே கடலோரத்தில் செல்லாஃபீல்ட் அணு வளாகம் இருக்கிறது. 1957இல், விண்ட்ஸ்கேல் என்ற பெயரில் இருந்தபோது, அங்கே உலை தீப்பற்றி, சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலையெல்லாம் கொட்டினார்கள். விசாரணை அறிக்கையை முழுதாக வெளியிட 30 ஆண்டுகள் பிடித்தது. ‘இது செர்னோபில் சீசியம்தானா, நம்மூர் உலையிலிருந்து வந்ததா?’ என்று விவசாயிகள் கேட்டது இந்த அனுபவத்தில்தான். நிபுணர்களிடம் பதில் தயாராக இருந்தது: சீசியம்-134 இரண்டு ஆண்டுகளில் பாதியாகும், சீசியம்-137 பாதியாக 30 ஆண்டுகள் ஆகும், இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் புதியது எது, பழையது எது என்று தெரிந்துவிடும். அந்த முறை சரிதான். ஆனால் பிறகு அளந்ததில், அங்கிருந்த சீசியத்தில் ஏறக்குறைய பாதிதான் செர்னோபிலுடையது. மிச்சம் பழைய அணுகுண்டு சோதனைகளும் விண்ட்ஸ்கேலும் போட்டுவிட்டுப் போனது.

செர்னோபிலுக்கு முந்தைய ஆண்டுதான் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியலாளர் அமைப்பு, மக்களுக்கு அறிவியலைப் புரியவைப்பது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. மக்களுக்கு அறிவியல் தெரியாது, சொல்லிக்கொடுத்தால் ஆதரிப்பார்கள் என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. இன்றும் நம் தொலைக்காட்சி விவாதங்களில் பாதி அதை நம்பித்தான் ஓடுகிறது. கம்பிரியா விவசாயிகளிடம் நேரில் பேசி ஆராய்ந்த லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் கண்டது வேறு. விவசாயிகள் எடைபோட்டது கதிரியக்கத்தை மட்டுமல்ல, அதைப் பற்றிப் பேசும் நிறுவனத்தையும்தான். இவர்கள் முன்பு என்ன சொன்னார்கள், எதை மறைத்தார்கள், நம் தொழில் இவர்களுக்குத் தெரியுமா என்றெல்லாம் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஆள் கடன் கேட்டால் நாமும் இதைத்தானே விசாரிப்போம்?

தொழில் தெரியாதது பலமுறை வெளிப்பட்டது. மலை ஆடுகளுக்குப் புல்லுக்குப் பதில் வைக்கோல் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவை வைக்கோலை ஏறெடுத்தும் பார்க்காது என்று விவசாயிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இன்னொரு முறை, பென்டோனைட் என்ற களிமண் தூளைத் தூவினால் சீசியம் கட்டுப்படுமா என்று சோதிக்க, நிலத்தைத் துண்டு துண்டாக வேலியடைத்து ஆடுகளை உள்ளே விட்டார்கள். திறந்த மலையில் அலைந்து மேய்ந்த ஆடு அடைப்புக்குள் இளைத்துப்போகும், அதை வைத்து எடுக்கும் அளவு எதற்கும் உதவாது என்று விவசாயிகள் சொன்னார்கள். கேட்பார் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, அவர்கள் சொன்ன அதே காரணத்துக்காகச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. முதலிலேயே கேட்டிருந்தால் வேலிச் செலவாவது மிச்சமாகியிருக்கும்.