உருக்கமாக எழுதச் சொல்லாதீர்கள்

மண்டபம் கடற்கரையில் பணிபுரியும் ஒரு தொண்டு நிறுவனம், நன்கொடையாளர்களுக்கு அனுப்பவிருந்த துண்டறிக்கையைச் சென்ற வாரம் என்னிடம் தந்து, "நீங்கள் கவிஞர், கொஞ்சம் உருக்கமாக மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டது. பாசி எடுக்கும் பெண் ஒருவரின் முகம் தெளிவாகத் தெரியும் படம், அவருடைய பெயர், ஊர், அவர் எந்தத் தீவுக்குப் போய்ப் பாசி எடுக்கிறார் என்ற விவரம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. இப்படிப்பட்ட தாள்கள் இந்தக் கரையில் என் கைக்கு வந்துகொண்டே இருப்பதாலும், ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுப்பதால் எதுவும் மாறாததாலும், பொதுவில் சொல்லிவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை; அனுமதியின்றி அங்கே நுழைவது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே, உதவி கேட்டு அச்சிடப்படும் அந்தத் தாள், அவர் பெயரிலேயே அவருக்கு எதிரான வாக்குமூலமாகிவிடும். 2001 முதல் பிடிக்கத் தடை செய்யப்பட்டிருக்கும் கடல் அட்டை என்னும் உயிரினத்தைக் கையில் ஏந்தி நிற்கும் மீனவரின் படத்தை 'பாரம்பரிய வாழ்வாதாரம்' என்ற தலைப்பில் போடுவதும் இதே தவறுதான். இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற ஒருவரின் வழக்கு ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போது, 'வறுமை தாளாமல் எல்லை தாண்டிப் போனார்' என்று அவர் குடும்பத்துக்காக நிதி திரட்டும் பதிவில் எழுதுகிறவர்களுக்கு, அந்த ஒரு வரி யாருடைய விடுதலையைத் தள்ளிப்போடக்கூடும் என்பது தோன்றவேண்டாமா?

இவை அனைத்துக்கும் வேர் ஒரே எண்ணம்: கண்ணீர் வந்தால்தான் பணம் வரும், கண்ணீரை வரவழைக்கத்தான் கவிஞர் என்பது. இந்த எண்ணம் இரு வகையிலும் பிழையானது. இரக்கத்தால் ஒருமுறை கொடுப்பவர் மறுமுறை வேறொரு துயரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆண்டுதோறும் நிதி தருபவர்களோ, குறிப்பாக 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய நிறுவனங்களின் அலுவலர்கள், என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவாயிற்று, என்ன மாறியது என்று கேட்பவர்கள். 'வறுமையின் கோரப்பிடியில்', 'கண்ணீர்க் கடலில்' போன்ற தொடர்கள் அவர்களுக்கு எந்தப் பதிலையும் தருவதில்லை. பதில் இல்லை என்பதையே காட்டிக்கொடுக்கின்றன. இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, பாறைகளுக்கிடையே மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கும் இந்தப் பெண்கள், பாசி மீண்டும் வளரட்டும் என்று மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே இறங்குவது எனத் தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். உருக்கத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக முதலில் நீக்கப்படுவது அந்தச் செய்திதான். தம் கடலைத் தாமே காக்கத் தெரிந்த ஒருவரை ஏதுமறியாதவராகக் காட்டிவிட்டு, அவருக்காகத்தான் உழைக்கிறோம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

தொண்டு நிறுவனங்களுக்கும் கலைக்குழுக்களுக்கும் எழுதிக் கொடுக்கும் இந்தத் தொழிலில் கவிதைப் பயிற்சி எனக்கு உதவுவது அடைமொழிகளை வெட்டுவதிலும், ஒருவர் தம் வாயால் சொன்ன வாக்கியத்தை அடையாளம் கண்டு அதைத் திருத்தாமல் விடுவதிலும்தான்.

கலைக்குழுக்களுக்கும் இது பொருந்தும். ஒயிலாட்டக் குழுவின் அறிமுகத் தாளில் 'அழிந்துவரும் கலை' என்று எழுதாதீர்கள். திருவிழாக் காலம் முழுக்க ஆட்டங்களுக்கு ஒப்பந்தமாகியிருக்கும் ஒரு குழுவை அப்படி எழுதினால், அழைக்க வருபவர் பேரம் பேசித்தான் தொடங்குவார். யாரிடம் கற்றார்கள், எத்தனை பேர் ஆடுகிறார்கள், எவ்வளவு நேரம், என்ன ஊதியம் என்று எழுதுங்கள்.

ஒப்புதல் வாங்குவதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். ஆங்கிலப் படிவத்தில் கைரேகை வாங்குவது ஒப்புதல் ஆகாது. எழுதியதைத் தமிழில் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். எங்கே அச்சாகும், யார் படிப்பார்கள், சமூக வலைத்தளத்தில் வருமா என்று சொல்லுங்கள். பின்னர் மனம் மாறினால் யாரிடம் சொல்லவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையை அளிக்கிறது. கடலில் ஒருவர் இறந்த வீட்டுக்குக் காரியம் முடியும் முன் கேமராவோடு போகாதீர்கள். பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தையின் பெயரோ, பள்ளியோ, தெருவோ எந்தக் காரணத்துக்காகவும் வெளிவரக்கூடாது; போக்சோ சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் சேர்ந்த முதல் நாளிலேயே இவற்றை ஒவ்வொரு களப்பணியாளருக்கும் கற்றுக்கொடுங்கள்.

ஊதியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, எழுதுபவருக்கான தொகையே பல இடங்களில் முதலில் வெட்டப்படுகிறது. நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் பணம் கொடுக்காமல் கடைசி இரவில் எழுதி வாங்கும் ஆண்டறிக்கையில்தான், யாரும் சரிபார்க்காத பெயர்களும் கேட்காமல் போட்ட படங்களும் நுழைகின்றன. ஆகவே நிதி விண்ணப்பம் எழுதும்போதே ஆவணப்படுத்தலுக்கும் மொழிபெயர்ப்புக்கும், ஒப்புதல் பெற ஊருக்கு மீண்டும் போய்வருவதற்கும் சேர்த்துத் தனித் தொகை ஒதுக்குங்கள்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளங்கவிஞர்கள், பரமக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் என்னிடம் கேட்பவர்கள், எழுத்து வடிவ ஒப்பந்தம் இல்லாமல் வேலையைத் தொடங்கவேண்டாம். கட்டணம், திருத்தங்களின் எண்ணிக்கை, முன்பணம் ஆகியவற்றோடு, பாதிக்கப்படக்கூடியவரின் அடையாளத்தை நீக்கும் உரிமை எழுதுபவருக்கு உண்டு என்ற விதியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த விதிக்கு இணங்காத நிறுவனத்தின் வேலையை ஏற்காதீர்கள்.